ஒற்றை நாற்று நடவில் எது தங்கியது, எது போனது?

மேட்டுமடை

குறுவை நெல் பேச்சு வந்தாலே ஒற்றை நாற்று நடவும் பேச்சில் வந்துவிடும். ஏன் குறைந்துபோனது என்று கேட்டால் ‘விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது’ என்ற ஒரே பதில்தான். அந்தப் பதிலை இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம். 2007இல் தொடங்கிய உலக வங்கி நிதித் திட்டத்தில் பல வடிநிலங்களில் செயல்விளக்கத் திடல் போட்டார்கள். சேற்றில் கோடு போடும் மார்க்கர், தள்ளிக் களையெடுக்கும் கோனோவீடர் எல்லாம் மானியத்தில் வந்தன. 2010இல் ‘ராஜராஜன் 1000’ என்று பெயர்கூட வைத்தார்கள். கேள்விப்படாத ஊர் இருக்க வாய்ப்பில்லை.

என் கேள்வி வேறு. இது ஒரு தொழில்நுட்பமே இல்லை, எட்டுத் துண்டு: ஏக்கருக்கு 2–3 கிலோ விதை, பாய் நாற்றங்கால், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 செ.மீ. சதுர நடவு, கோனோவீடர், காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது), இலை வண்ண அட்டை (இலை நிறம் பார்த்து உரம் போட). இதில் எந்தத் துண்டு வயலில் இன்னும் இருக்கிறது, எது போனது, ஏன்? அனுபவக் கதை வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

களைக்கணக்கு

கோனோவீடரிலிருந்து தொடங்குகிறேன். முறையைக் கைவிட்டவர்களில் பலர் இங்கேதான் விட்டார்கள்.

ஏக்கர் 4047 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 22.5 செ.மீ. ஒரு திசையில் மட்டும் தள்ளினாலே நடக்க வேண்டிய தூரம் 18 கிலோமீட்டர். சதுர நடவு போட்டதே குறுக்கும் நெடுக்கும் ஓட்டத்தான், ஆகவே 36. நட்ட 10ஆம் நாள் ஆரம்பித்து 10 நாளுக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை என்பது பரிந்துரை. பெருக்கினால் 144 கிலோமீட்டர். அதையும் நேராக நடக்க முடியாது; முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மறுபடி தள்ளித்தான் போக வேண்டும். முழங்கால் சேற்றில்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? களைக்கொல்லி. நட்ட 3–5 நாளுக்குள் பூட்டாகுளோர் ஏக்கருக்கு 1 லிட்டரை 20 கிலோ மணலில் கலந்து, வயலில் மெல்லிய நீர் நிறுத்தி வீசிவிடலாம். மிஞ்சிய களைக்கு 2–4 இலைப் பருவத்தில் பிஸ்பைரிபேக் சோடியம் 80–100 மில்லி. ஓராள், ஒரு காலைப்பொழுது. மருந்து நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். ஆனால் விவசாயி ஒப்பிட்டது இந்த இரண்டையும்தான்.

இன்னொன்று. கைக்களை எடுப்பது பெண்கள். கோனோவீடர் தள்ள ஆண் வேண்டும், கூலியும் ஆண் கூலி. ஒரு களைச் செலவைக் குறைக்கக் கொண்டுவந்த கருவி, மலிவான கூலியிலிருந்து கூடுதல் கூலிக்கு வேலையை மாற்றியது. அந்த ஆட்களும் கட்டட வேலைக்குப் போய்விட்ட பிறகு யார் தள்ளுவது?

பரம்படி

களைக்கணக்கு அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோனோவீடர் ஓட வயலில் 2–3 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்தால் களிமண் உருளையில் அப்பிச் சுற்றவே சுற்றாது. தண்ணீர் அதிகமானால் கருவி மிதந்து களையை மேலாகத் தடவிவிட்டுப் போகும். உளை (ஆழச் சேறு) அதிகமுள்ள வயலில் கருவியின் மிதவை புதைந்துவிடும். ஆக, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் கையில் இருக்கிறவனுக்குத்தான் இந்தக் கருவி.

மார்க்கரும் அப்படித்தான். கோடு நிற்க வேண்டுமானால் முந்தின நாளே தண்ணீரை வடித்து, சேறு தோசை மாவு பதத்துக்கு இறுகியிருக்க வேண்டும். மணல் கலந்த வயலில் சீக்கிரம் இறுகிவிடும், நாற்றை ஊன்ற விரல் இறங்காது. களியில் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் ஒரு தூறல் விழுந்தால் கோடு போச்சு. நடவு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

சமன் பற்றி யாரும் பேசுவதில்லை. 14 நாள் நாற்று மூன்று இலை விட்ட பிள்ளை. மேடு பள்ளம் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பள்ளத்தில் நாற்று மூழ்கி அழுகும், மேட்டில் களை முந்தும். டிராக்டர் பரம்பு போட்ட வயலில் சாதாரணமாக இதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். 25–30 நாள் நாற்றுக்கு அது பொருட்டே இல்லை.

விரிவாக்கப்பணி

எதிர்வாதமாக ஒன்று எழுதுகிறேன், கோபப்பட வேண்டாம்.

விளைச்சல் கூடியது பொய்யில்லை. 2003–04இல் தாமிரபரணிப் பாசனத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளின் வயலிலேயே பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. இந்த முறையில் சராசரி ஹெக்டேருக்கு 7.2 டன் அளவு, வழக்க முறையில் 5.7 டன் அளவு. ஆக முறை வேலை செய்கிறது. பிறகு நடந்தது என்ன? ‘ஒற்றை நாற்று’ என்று பதிவேட்டில் இருந்த பல வயலில் 22–25 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு மூன்று, ஒரு திசையில் மட்டும் கயிறு பிடித்து நடவு, ஒரே ஒரு முறை கோனோவீடர். பாதிச் சமையலுக்கு முழு ருசி எப்படி வரும்?

சரியாகச் செய்வது கடினமும் இல்லை. ஏக்கருக்கு ஒரு சென்ட் (40 சதுர மீட்டர்) நாற்றங்கால் போதும். பாலித்தீன் தாள் விரித்து, 1 மீட்டருக்கு அரை மீட்டர் மரச்சட்டம் வைத்து 4 செ.மீ. உயரம் மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, முளைகட்டிய விதையை நெருக்கமில்லாமல் தூவி, மெல்லியதாக மண் போட்டு மூட வேண்டும். முதல் 5 நாள் பூவாளியால் மட்டும் தண்ணீர். 14ஆம் நாள் பாயைத் துண்டு துண்டாக வெட்டித் தூக்கி, அரை மணிக்குள் நட்டுவிட வேண்டும். வேரில் விதை ஒட்டியிருக்கும்படி, மேலோட்டமாக ஊன்ற வேண்டும். அமுக்கினால் வேர் நுனி மேல்நோக்கி வளைந்து பச்சை பிடிக்கத் தாமதமாகும்.

களைக்கணக்கு

ஐயா, பாதிச் சமையல் என்று சொல்வதில்தான் என் சண்டை. எட்டுத் துண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன், ஒன்றை விட்டாலும் பலன் தேயும் என்றால், அது திடலில் ஜெயிக்கிற முறை. ஊரில் ஜெயிக்கிற முறை இல்லை. திடலில் கோடு போட ஆள், நடவுக்கு மேற்பார்வை, களைநாளை ஞாபகப்படுத்த ஒரு அலுவலர் எல்லாம் இருந்தார்கள். விதை மட்டும் மாறியிருந்தால்? ஐ.ஆர்.8 நெல் ரகம் வந்தபோது விதையும் யூரியாவும்தான் மாறின. நாற்று விடுவது, பறிப்பது, நடுவது, அறுப்பது எதுவும் மாறவில்லை. இங்கே விதை மாறவில்லை, மற்ற எல்லாம் மாறின.

நடவுக்கொத்து

நடவு ஆட்கள் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இந்த விவாதங்களில் அவர்கள் வருவதே இல்லை.

டெல்டாவில் நடவு பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் பேசிவிடும் வேலை. ஒரு குழு காலையில் இறங்கி ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போகும். எத்தனை ஏக்கர் முடித்தார்களோ அத்தனைக்கும் காசு. குழுவுக்கு வேகம்தான் வருமானம். கட்டிலிருந்து கொத்தாக நாற்றைப் பிரித்து, பார்க்காமலே ஊன்றிக்கொண்டு பின்னால் நகர்வது பல வருடக் கைப்பழக்கம்.

ஒற்றை நாற்றில் குத்துகள் குறைவு என்பது உண்மை. 20×10 செ.மீ. நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்து, 22.5 சதுரத்தில் 20 கூட இல்லை. ஏக்கருக்கு 2 லட்சம் ஊன்றுவதற்குப் பதில் 80 ஆயிரம்தான். காகிதத்தில் பார்த்தால் நேரம் பாதிக்கும் கீழே வர வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பிரிக்க வேண்டும், கோடு சந்திக்கும் புள்ளியைக் குனிந்து தேட வேண்டும், பாயை மண்ணோடு சுமந்து வர வேண்டும். பழகிய பிறகு வேகம் வரும் என்பதும் உண்மைதான், ஆனால் பழகும் காலத்து நஷ்டத்தை யார் கொடுப்பது? குழு அதே ஏக்கர் கூலிக்கு வராது. கூடுதல் கேட்டால் நிலத்துக்காரர் கொடுக்கமாட்டார். ஊரில் பத்துப் பேர் பழைய நடவுக்குக் கூப்பிடும்போது, கோடு போட்ட ஒரு வயலுக்கு அந்தக் குழு கடைசியாகத்தான் வரும். கடைசியாக வந்தால் நாற்று 14 நாளில் நிற்குமா? 20 தாண்டிவிடும். விரிவாக்கப்பணி ஐயா சொன்ன ‘22 நாள் நாற்று’ இப்படித்தான் வந்தது. அலட்சியம் என்று எழுதாதீர்கள்.

கடைமடை

குத்துக்கு எத்தனை நாற்று என்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கொத்தாக நடுவது சோம்பேறித்தனம் என்று பயிற்சியில் சொல்வார்கள். அது காப்பீடு. நண்டு வெட்டும். நத்தை தின்னும். வாத்து மேய்க்கிறவர்கள் ஒருநாள் பட்டியை இறக்கிவிடுவார்கள். நாலு பிள்ளையில் இரண்டு போனாலும் குத்து நிற்கும். ஒன்றில் ஒன்று போனால் அங்கே பொக்கை. போக்கு நாற்று ஊன்றலாம் என்றால், 2 கிலோ விதை விட்ட நாற்றங்காலில் மிச்சம் எங்கே இருக்கும்? ஏக்கருக்கு 25–30 கிலோ விதை விட்டவனிடம் மிச்சம் இருக்கும், பக்கத்து வயலுக்குக் கொடுக்கக்கூட இருக்கும். விதை மிச்சம் என்று நாம் கொண்டாடுவது அவனுக்குக் கையிருப்பு இல்லாத பயம்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், வந்தாலும் முறை வைத்துத்தான். வயலுக்கு வயல் பாய்கிற பாசனம்; எனக்கென்று தனி வாய்க்கால் இல்லை, மேல் வயல்காரர் மடை திறந்தால்தான் எனக்கு. இதில் ‘மயிரிழை வெடிப்பு வந்ததும் 2.5 செ.மீ. பாய்ச்சு’ என்றால் சிரிப்புதான் வரும். அடுத்த முறை எப்போது என்று தெரியாதவன் வரப்பு கொள்ளுமட்டும் கட்டத்தான் செய்வான். எங்கள் வயலே எங்களுக்கு ஏரி.

சம்பா, தாளடி இன்னும் மோசம். அக்டோபரில் நட்டால் வடகிழக்குப் பருவமழை தலைமேல். இரண்டு நாள் அடித்தால் வயலில் ஒரு முழம் தண்ணீர், வடிகால் வாய்க்கால் ஆகாயத்தாமரையால் அடைத்துக் கிடக்கும். 14 நாள் நாற்று மூச்சு முட்டிச் செத்துப்போகும். 30 நாள் நாற்று தலையை வெளியே நீட்டிப் பிழைக்கும். அதனால்தான் இந்தப் பக்கம் முயன்றவர்களும் குறுவையோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைமடைக்குப் பொருந்தி வந்தது நேரடி விதைப்பு. புழுதியில் விதைத்துவிட்டால் மழையோடு பயிர் கூடவே எழும்பும், நடவுக் கூலியும் இல்லை. அதை ஏற்க யாருக்கும் பயிற்சி முகாம் தேவைப்படவில்லை.

கிணற்றடி

கிணற்றுப் பாசனத்தில் தண்ணீர் நம் கையில் இருக்கிறதே, அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும் ஏன் முழுதாக நிற்கவில்லை என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, விவசாய மின்சாரம் இலவசம். தண்ணீர் மிச்சமானால் பில்லில் ஒரு ரூபாயும் குறையாது. இரண்டு, மும்முனை மின்சாரம் வரும் நேரம் நம் வசதிக்கு இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். நடுராத்திரி கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், வயல் நிரம்பும், காலையில் வந்து பார்த்தால் அரை அடி. வயல் காயட்டும் என்று முடிவு செய்வது மனிதன் இல்லை, ஸ்டார்ட்டர்.

நீர்க்குழாய் வைத்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. 30 செ.மீ. நீள பி.வி.சி. குழாய், 10–15 செ.மீ. விட்டம், அடிப்பாதியில் சுற்றிலும் துளை, பாதியை மண்ணில் புதைத்து உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் வாரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஐம்பது ரூபாய் சமாச்சாரம்! ஆனாலும் ஏன் நிற்கவில்லை? வங்கதேசத்தில் போரோ (வறண்ட பருவ) நெல்லில் இதே குழாயைப் பரப்பியபோதும் இதே சிக்கல்தான். அங்கே பல ஊரில் பம்புக்காரருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். மிச்சமாகும் டீசல் பம்புக்காரருக்கு, குழாயைக் குனிந்து பார்க்கும் வேலை விவசாயிக்கு. மணிக்கணக்கில் காசு கொடுக்கிற இடத்தில்தான் குழாயைப் பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கம் கிணறு கோடையில் வற்றுகிற ஊரில் மட்டும் இது நிற்கிறது. அங்கே காசு என்பது தண்ணீர்தான், கரண்ட் அல்ல.

புதுவயல்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இதே அளவுகோல் சொட்டுநீருக்கும் பொருந்துமா? சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. அப்படியும் வீட்டுக் கூரையில் சுருட்டிக் கிடக்கும் குழாயைப் பார்க்கிறேனே?

கிணற்றடி

பொருந்தும். ஆனால் சொட்டுநீர் நின்ற இடத்தில் எதற்காக நின்றது என்று பாருங்கள். திட்டம் தண்ணீர் மிச்சத்துக்காக. விவசாயி வைத்துக்கொண்டது தண்ணீர் கட்ட ஆள் வேண்டாம் என்பதற்காக. மஞ்சள், வாழை, கரும்பு போட்டவர்கள் வால்வைத் திருப்பிவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், உரத்தையும் வென்ச்சுரியிலேயே (கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவி) விட்டுவிடலாம். ராத்திரிக் கரண்டுக்கு வாய்க்கால் திருப்ப மண்வெட்டியோடு நிற்க வேண்டியதில்லை.

சுருட்டி வைத்தவர்களின் கதை மூன்று வகை.

பயிர் சுழற்சி. மஞ்சளுக்குப் பிறகு நெல்லோ நிலக்கடலையோ என்றால் லேட்டரலை (வயலில் ஓடும் பக்கக் குழாய்) சுருட்டி எடுத்து உழ வேண்டும். சுருட்டும்போது மடிந்த இடத்தில் வெடிப்பு, அடுத்த பயிருக்கு இடைவெளி வேறு. கரும்புக்கு 5 அடிப் பாரில் போட்ட குழாய் வெங்காயத்துக்கு உதவாது.

அணிலும் எலியும். கோடையில் தண்ணீர் வாடை பிடித்துக் கடிக்கும். தினமும் காலையில் ஒரு சுற்று நடந்து ஜாயிண்டர் போடுகிறவரிடம் குழாய் தங்கும். போடாதவரிடம் பத்து ஓட்டை நூறாகும்.

மூன்றாவதுதான் பெரியது, உப்பு அடைப்பு. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஒரு வருடத்தில் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகக் கட்டிவிடும், கடைசி வரிசை வாடும். சரிசெய்யும் வழி அமில நேர்த்தி: ஒரு வாளித் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கார அமிலநிலை (pH) 4க்கு வர எவ்வளவு தேவை என்று தாள் வைத்துப் பார்த்து, அதே விகிதத்தில் வென்ச்சுரி வழியாக அனுப்ப வேண்டும். கடைசி லேட்டரல் நுனியில் 4 வந்ததும் நிறுத்தி 24 மணி நேரம் அப்படியே விட்டு, மறுநாள் நுனி மூடியைத் திறந்து அலசித் தள்ள வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பாசி அடைப்புக்கு பிளீச்சிங் பவுடர் விடுகிறவர்கள் அதே நாளில் அமிலம் விடக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், மானியம் குழாய்க்கு இருக்கிறது. அமிலம் ஊற்றிக் கொடுக்கிற ஆளுக்கு இல்லை. பொருத்திய நிறுவனத்தின் ஆள் முதல் வருடத்துக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வருவது அபூர்வம். இன்னொன்று, வாய்மொழிக் குத்தகைக்காரருக்குச் சிட்டா, அடங்கல் அவர் பெயரில் இருக்காது. விண்ணப்பமே போட முடியாது. மண்ணில் உழுகிறவர் ஒருவர், மானியம் வாங்கத் தகுதியுள்ளவர் ஒருவர்.

விரிவாக்கப்பணி

குத்தகை விஷயம் சரி. கோனோவீடரும் அப்படித்தான் போனது, நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணைக்கு.

இலை வண்ண அட்டையை யாரும் தொடவில்லையே. அதுதான் எட்டில் மலிவானது, எளிதானது. நட்ட 14ஆம் நாளிலிருந்து 7–10 நாளுக்கு ஒருமுறை, காலை 8–10 மணிக்குள், வெயில் அட்டையில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுவை ஒப்பிட வேண்டும். பத்து இலையில் ஆறு, அட்டையில் அந்த ரகத்துக்கு நிர்ணயித்த எண்ணுக்குக் கீழே போனால்தான் தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகத்துக்கு 4. சம்பாவில் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு யூரியா 26 கிலோ அளவு. இதில் ஆளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இதுவும் நிற்கவில்லை. ஏன்?

பரம்படி

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அரை மூட்டை மிச்சம் பிடிக்க மூன்று தடவை காலை வெயிலில் வயலுக்குள் இறங்கி இலை எண்ண வேண்டும். மிச்சம் ஒரு டீக்கடை பில்.

நல்ல பலன் உண்டு. யூரியா குறைந்தால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குறையும், பயிர் சாயாது. ஆனால் வராத பூச்சியைக் கண்ணால் பார்க்க முடியாதே. மருந்தடித்துச் செத்த பூச்சி தெரியும், வராமல் போன பூச்சி தெரியாது. தடுப்பு வகைத் தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் இந்தச் சாபம் உண்டு. பச்சை கறுத்த பயிரைப் பார்த்தால் பக்கத்து வயல்காரர் பாராட்டுவார், அட்டை எண் 4இல் நிறுத்திய வெளிர்பச்சையைப் பார்த்தால் ‘உரம் போடக் காசில்லையா’ என்பார். இதை எந்தத் தரவிலும் எழுதமாட்டார்கள்.

தூரதேசம்

இந்த முறை பிறந்த இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மடகாஸ்கரில் ஹென்றி த லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து 1980களில் உருவாக்கியது. அங்கேயே 2003இல் வெளியான ஓர் ஆய்வு, முயன்று பார்த்தவர்களில் சராசரியாக 40 சதவீதம் பேர் கைவிட்டதாகச் சொன்னது. விளைச்சல் கூடவில்லை என்பதல்ல காரணம். நடவும் களையும் வருகிற காலம் அங்கே பஞ்ச மாதங்கள்; குதிர் காலியாக இருக்கும். ஏழை விவசாயி அன்றன்றைக்கு அரிசி வாங்க அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போயாக வேண்டும். தன் வயலில் கூடுதல் உழைப்பைப் போட்டால் நாலு மாதம் கழித்துப் பலன், ஆனால் இன்றைக்குச் சோறு இல்லை. இடுபொருள் செலவே இல்லாத முறை, ஏழைக்கேற்ற முறை என்று விளம்பரம் செய்யப்பட்டதை ஏழைகளால்தான் தொடர முடியவில்லை.

நம் ஊரில் பட்டினி இல்லை, ஆனால் கூலிக் கணக்கு அதேதான். சொந்த வயலில் குடும்பத்து உழைப்பு இலவசம் என்று வைத்துப் போட்ட லாபக் கணக்கு எல்லாம் இங்கே கவிழும்.

நடவுக்கொத்து

இப்போது மேட்டுமடை கேட்டதற்கு நேர்பதில். எட்டில் தங்கியது எது? பாய் நாற்றங்காலும் இளநாற்றும் தங்கின, ஆனால் வேறு உடம்பில். இயந்திர நடவில் போய்ப் பாருங்கள்.

தட்டில் அல்லது தாளில் விட்ட பாய் நாற்று, 15–18 நாள் வயது, ஏக்கருக்கு 80–100 பாய், விதை 12–15 கிலோ. வரிசைக்கு வரிசை பெரும்பாலும் 30 செ.மீ., அது இயந்திரத்தில் மாற்ற முடியாதது. செடிக்குச் செடி இடைவெளியைத்தான் மாற்றலாம். குத்துக்கு ஒன்று இல்லை, இரண்டு மூன்று விழும். சதுரம் இல்லை. இலக்கணப்படி இது ஒற்றை நாற்று நடவே இல்லை. ஆனால் பழைய நடவும் இல்லை.

இது ஏன் பரவியது? நாற்று விட்டு, கொண்டுவந்து, நட்டுக் கொடுப்பது வரைக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய நுணுக்கம் எல்லாம் அவர்கள் தலையில். நாற்று கெட்டால் அவர்கள் நஷ்டம். விவசாயி செய்ய வேண்டியது வயலைத் தயார் செய்வது மட்டும். அறுவடை இயந்திரம் ஊரெல்லாம் பரவியதும் இந்த வழியில்தானே? மணிக்கு இவ்வளவு, வயலில் இறக்கினால் நெல் வண்டியில். வைக்கோல் சிதறிப் போகிறது என்று மாடு வைத்திருப்பவர்கள் புலம்பினார்கள், பிறகு கட்டுக் கட்டுகிற இயந்திரமும் வாடகைக்கு வந்தது. ஒற்றை நாற்றில் கோடு போட, நட, தள்ள என்று இப்படி ஒப்பந்தம் எடுக்க ஆள் உருவாகவே இல்லை.

விரிவாக்கப்பணி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இயந்திர நடவையும் விட்டவர்கள் உண்டு. தவறுகிற இடங்கள்: சேறு அமரவிடாமல் இறக்குவது. மணற்பாங்கில் ஒரு நாள், களியில் இரண்டு நாளாவது அமர வேண்டும், இல்லையென்றால் மிதவை தள்ளும் சேறு பக்கத்து வரிசையை மூடிவிடும். விதை அடர்த்தி குறைந்த பாயில் இயந்திரத்தின் நடவு விரல் வெறுங்காற்றைப் பிடிக்கும், வரிசையில் பொக்கை விழும். பாய் ஈரம் அதிகமானால் தட்டில் வழுக்காமல் மடிந்து உட்காரும், காய்ந்தால் உடையும். 20 நாள் தாண்டினால் வேர் பின்னி, பிய்க்கும்போது நாற்று அறுபடும். எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பதால் வண்டி வருவதற்குள் நாற்று முற்றிவிடுவதும் நடக்கிறது. நடவுக் குழுவுக்குக் காத்திருந்த அதே கதை, இப்போது இயந்திரத்துக்கு.

அரை ஏக்கருக்குக் கீழே உள்ள துண்டு வயலுக்கு வண்டிக்காரர்கள் வரத் தயங்குவார்கள். திரும்பவே இடம் போதாது, மூலைகளைக் கையால்தான் நட வேண்டும்.

புதுவயல்

நன்றி. எனக்கு ஒரு நேர்க்கேள்வி. போர்வெல் உள்ள 2 ஏக்கர், வண்டல் கலந்த களி. இந்தக் குறுவையில் ஒற்றை நாற்று முயலலாமா? கோனோவீடர் பழசு ஒன்று கிடைக்கிறது.

களைக்கணக்கு

2 ஏக்கரும் வேண்டாம் தம்பி. 20 சென்ட் போடுங்கள், மிச்சத்தை இயந்திரத்திலோ வழக்கப்படியோ நட்டுவிடுங்கள். 20 சென்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முறை தள்ள சுமார் 7 கிலோமீட்டர். இரண்டு காலையில் முடியும். போர் பக்கத்துத் துண்டாக, வடிகால் உள்ளதாகப் பாருங்கள். பரம்படித்த பிறகு தண்ணீர் கட்டி, எங்கே மண் தலை தூக்குகிறது என்று பார்த்து மண்வெட்டியால் இழுத்துச் சமன் செய்யுங்கள். நாற்றங்காலை 20 சென்டுக்கு வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கு விடுங்கள், நண்டுக்குப் பங்கு. ஆட்டோ ஸ்டார்ட்டரைக் களை தள்ளும் 40 நாளும் அணைத்து வையுங்கள்.

கணக்கு எழுதும்போது விளைச்சலை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் வீட்டு ஆட்களின் நாட்களையும் கூலி போட்டு எழுதுங்கள். அப்போதுதான் அடுத்த வருடம் 20 சென்டை 2 ஏக்கராக்கலாமா என்று தெரியும்.

மேட்டுமடை

அதோடு, களைக்கு வரிசை நடவு வைத்துக்கொண்டு சதுரத்தை விட்டுவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். 30 செ.மீ. வரிசையில் ஒரு திசையில் மட்டும் தள்ளினால் ஏக்கருக்கு 13.5 கிலோமீட்டர், அதற்கு பவர் வீடரும் இருக்கிறது. செடிக்குச் செடி நடுவில் வரும் களையைக் கையால் எடுக்க வேண்டும். நான் பார்த்தவரை துண்டுகளில் அதிகம் பிழைத்தது இந்தக் கலவைதான்.

பழைய கோனோவீடர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

பரம்படி

இரண்டு கூம்பு உருளைகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். அச்சில் ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, சேறு புகுந்து முதல் நாளே இறுகும். ஊர் லேத்தில் புது புஷ் கடைந்து போட்டுக்கொள்ளலாம். உருளைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் குவிந்திருக்க வேண்டும். பிரித்து மாட்டியவர்கள் ஒரே பக்கமாக மாட்டி வைத்திருப்பார்கள், கருவி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், நேராகப் போகாது. களிமண் வயல் என்பதால் மிதவையின் கோணத்தைச் சற்று மேலாக வையுங்கள், இல்லையென்றால் மூக்கு புதையும். கைப்பிடி உயரம் இடுப்புக்கு வரும்படி போல்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். வயலை விட்டு ஏறியதும் அங்கேயே வாய்க்காலில் கழுவி அச்சுக்குக் கிரீஸ் வையுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் களி கல்லாகிவிடும்.